எங்களுக்கு ஒரு வருஷம்

ஃப்ரீசர் கதவில் நோட்டீஸை ஒட்டிவிட்டு மேனேஜர் அதன் நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு ஒரு எட்டு பின்னால் போய், நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்தவர் வயிற்றில் அடிக்கிற காகிதமாக இருந்தாலும் கோணலாக இருக்கக் கூடாது அல்லவா?

"அடுத்த திங்கள் முதல் ஷிஃப்ட் சாப்பாடு நிறுத்தப்படுகிறது. ஊழியர்கள் வீட்டிலிருந்து உணவு கொண்டுவரவும்." கீழே கம்பெனியின் முத்திரை. முத்திரையில் தொப்பி போட்ட கோழி ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கோழிக்கு ஏது பல் என்று கேட்கக் கூடாது, விளம்பரக் கோழிக்கு உண்டு. தன்னைப் பொரித்துத் தின்ன வருகிறவர்களைப் பார்த்தே இத்தனை வருஷமாகச் சிரிக்கிற கோழிக்கு ரோஷம் எங்கிருந்து வரப்போகிறது?

டைமரக்காவுக்கு ரோஷம் இருந்தது. அந்தக் கடையில் கோழி பொரிக்கிறவள் அவள்தான். ஆறு வருஷமாக நாலு எண்ணெய்த் தொட்டிகளின் முன்னால் நிற்கிறாள். தொட்டிக்கு ஒரு டைமர் உண்டு, வெந்ததும் கத்தும். கத்துவது எந்தத் தொட்டி என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன் அலறினாலும் அவள் கை தானாகப் பொரிக்கும் கூடையைத் தூக்கப் போகும். அதைப் பார்த்துச் சிரித்த யாரோ வைத்த பெயர்தான் இது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசிப்பாள்.

ஷிஃப்ட் சாப்பாடு என்றதும் விருந்து என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு இரண்டு துண்டு கோழி, ஒரு பன், ஒரு கை உருளைக்கிழங்கு வறுவல். அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு பின்வாசலில் சாஸ் டின்களின் மேல் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் தின்றுவிட்டு எழுந்துவிட வேண்டும். அதையும் பொறுக்க முடியாமல் போய்விட்டது மேலிடத்துக்கு.

பாத்திரம் கழுவும் சோப்பு மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். அவருக்கு அறுபதைத் தாண்டியாகிவிட்டது. வீட்டில் ஒண்டிக்கட்டை. அந்தப் பெட்டியில் பாதியை மதியம் தின்றுவிட்டு மீதியை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்காட்டியது கிடையாது.

"வீட்லேர்ந்து கொண்டு வான்னுதானே போட்டிருக்கு? சாப்பிடாதேன்னா போட்டிருக்கு?" என்றார் மேனேஜர் அவரைப் பார்த்து. மேனேஜருக்கு இருபத்தெட்டு வயது.

டைமரக்கா கூடையை உதறிக்கொண்டே கேட்டாள். "சார், நாப்பது நிமிஷம் தாண்டிடுச்சுன்னா சூட்டுப் பெட்டியில இருக்கிறதை எடுத்துக் குப்பையில கொட்டுறோமே. அதையாவது தின்னலாமில்ல?"

"அது வேஸ்ட். ஷீட்ல எழுதிட்டா கம்பெனி சொத்து. எடுத்தா திருட்டு."

"குப்பைக்குக்கூடவா சார் சொந்தக்காரங்க?"

"நீ பேசாம கூடையைப் பாரு."

இது உள்பக்கத்துக் கதை. அதே கடையின் வெளிப்பக்கத்தில், வாசல் கண்ணாடி முழுக்க, ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர் தொங்கியது. "கேளுங்க, குடுப்போம்!" என்று கொட்டை எழுத்து. விஷயம் இதுதான். யார் வேண்டுமானாலும் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய் எனக்கு இத்தனை நாள் இலவசமாகச் சாப்பாடு வேண்டும் என்று பதிவு போடலாம். எத்தனை பேர் அதைப் பகிர வேண்டும் என்று கம்பெனி ஒரு கணக்குச் சொல்லும். அத்தனை பேர் பகிர்ந்துவிட்டால் சாப்பாடு இலவசம். ஒரு ஆள் கோழி வேஷம் போட்டுக்கொண்டு நடுரோட்டில் முட்டையிடுவதைப் போல நடித்து மூன்று மாதச் சாப்பாட்டை வாங்கிப் போனார். ஒரு புதுமணத் தம்பதி மாலைக்குப் பதில் கோழிக்கால் கோத்துப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் வாங்கினார்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஓசி, பொரிக்கிறவர்களுக்கு நோட்டீஸ். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

டைமரக்கா அதை வீட்டில் போய்ச் சொன்னாள். கேட்டவள் அவள் நாத்தனார். துணிக்கடையில் பில் போடுகிறவள். அண்ணன் லாரியோடு மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியே அலைகிறவன் என்பதால் அண்ணியும் அவளும் இரண்டு பிள்ளைகளுமாகத்தான் அந்த இரண்டு அறை வீட்டில் குடித்தனம். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் நாத்தனாருக்கு போன்தான் உலகம். அண்ணி செருப்பைக் கழற்றியதிலிருந்து புலம்பி முடிக்கிற வரைக்கும் அவள் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டிருந்தாள்.

"கேளுங்கன்னுதானே போட்டிருக்கான்? கேட்டுடுவோம் அண்ணி."

"போடி. அதெல்லாம் ஆடிப்பாடத் தெரிஞ்சவங்களுக்கு."

"உங்களை யாரு ஆடச் சொன்னா? வாயால சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

டைமரக்கா அன்றைய ஷிஃப்ட் சாப்பாட்டுப் பெட்டியைப் பிள்ளைகளுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அது காலியாகி மேசையில் கிடந்தது. நாத்தனார் அதை அண்ணி கையில் திணித்து, பெட்டியும் கையும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். அண்ணி சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கீழே அடித்தாள். "எங்களுக்கு ஒரு வருஷம் ஓசியில சாப்பாடு வேணும். எத்தனை பேர் பகிரணும்?"

பதினோரு நிமிஷத்தில் கம்பெனி பதில் போட்டது. "நாலு லட்சம் பேர் பகிர்ந்தால் உங்களுக்கு ஒரு வருஷம் இலவசம்! ஆரம்பிக்கலாமா?"

"நாலு லட்சமா! தலைகீழா நின்னாலும் நடக்காது" என்று டைமரக்கா படுக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னது இரண்டு நாள் வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. துணிக்கடைக்காரிகள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று இருநூற்றுச் சொச்சம் பேரோடு பதிவு படுத்துவிட்டது. மூன்றாம் நாள் முகம் தெரியாத ஒருவர் கீழே இப்படி எழுதினார்: "எல்லாரும் பெட்டியைப் பாக்குறீங்க. கையைப் பாருங்கய்யா. மணிக்கட்டுல வரிசையா புள்ளி இருக்கு பாருங்க. எண்ணெய் தெறிச்ச புள்ளி. இது வாங்கித் தின்ற கை இல்ல, பொரிச்சுப் போட்ட கை. எனக்கும் இருக்கு." கூடவே தன் மணிக்கட்டையும் படம் பிடித்துப் போட்டிருந்தார்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ஒரு கை வந்தது. பேக்கரி அடுப்பில் சுட்டுக்கொண்ட கை வந்தது. கல்லூரி விடுதியில் சமைக்கிற அம்மா, இஸ்திரி போடுகிறவர், கப்பலில் பரோட்டா போடுகிறவர் என்று கை கையாக வந்து குவிந்தது. எல்லாக் கையிலும் தழும்பு, எல்லாப் படத்திலும் ஒரு காலிப் பெட்டியோ காலித் தட்டோ. ஒன்பதாம் நாள் மாலை நாலு லட்சத்தைத் தாண்டியபோது நாத்தனார் துணிக்கடை பில் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

மறுநாள் காலையில் மேனேஜர் டைமரக்காவைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டார். கடையில் கேமரா இல்லாத ஒரே இடம் அதுதான். உறைந்த கோழிப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றார்கள், பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"கையைக் காட்டு."

காட்டினாள். அவர் போனில் இருந்த படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நினைச்சேன். அந்தப் பொண்ணு யாரு, உன் தங்கச்சியா?"

"நாத்தனார் சார்."

"இங்க பாரு. ஊழியர்கள் கலந்துக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஹெட் ஆபீஸுக்குத் தெரிஞ்சா உனக்கு வேலை போகும், உன்னைக் கவனிக்கலைன்னு எனக்கும் போகும். ஆனா அக்கவுண்ட் உன் நாத்தனார் பேர்ல இருக்கு. நல்லதாப் போச்சு. புதன்கிழமை மூணு மணிக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க, இங்கேயே லைவ் போட்டுப் பரிசு குடுக்கப் போறாங்க. அவ வரட்டும், சிரிக்கட்டும், கார்டை வாங்கிக்கிட்டுப் போகட்டும். ஒரு வருஷம் உன் வீட்டுக்குத்தானே வருது? நீ உள்ள இருந்து தலையைக் காட்டாதே. வாயைத் திறக்காதே."

டைமரக்கா அன்றைக்கு ஒன்றும் வீரவசனம் பேசவில்லை. கதை சொல்கிறவன் அதை மறைக்கக் கூடாது. "சரி சார்" என்றாள். வீட்டு வாடகையிலிருந்து பிள்ளைகள் நோட்டுப் புத்தகம் வரைக்கும் அந்த எண்ணெய்த் தொட்டியிலிருந்துதான் வர வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் சரி சார் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வெளியே வந்ததும் சோப்பு மாமா ஈரக் கையோடு சிரித்தார். "என்னம்மா, ஜெயிச்சுட்டோம் போலிருக்கே!" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல், வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி தொட்டிக்குள் குனிந்துகொண்டாள். அந்த வெட்கம் அவளை வாரம் முழுக்க அரித்தது.

"எனக்கு மனசே ஒப்பலடி" என்றாள் செவ்வாய்க்கிழமை.

"நானா வேண்டாங்கிறேன்? நீங்க சொல்றதுதான் அண்ணி. வாங்குன்னா வாங்குறேன், கிழிச்சுப் போடுன்னா கிழிச்சுப் போடுறேன்."

"வேலை போயிடுமேடி."

பிள்ளைகள் இரண்டும் ஒரு வருஷம் தினமும் கோழி என்று குதித்துக்கொண்டிருந்தன. "வாங்கிடு" என்று சொல்லிவிட்டு டைமரக்கா பாத்திரம் தேய்க்கப் போனாள்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கடை முன்பக்கம் முழுக்க பலூன். மார்க்கெட்டிங்காரர் கோழித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கம்பெனிப் பக்கத்தில் பதில் எழுதுகிறவர் இவரேதானாம், அதைப் பத்து நிமிஷத்தில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். கதவளவு அட்டையில் தங்க நிறத்தில் "ஒரு வருஷம் இலவசம்" என்று எழுதி, நாத்தனாரை அதன் ஒரு முனையைப் பிடிக்க வைத்தார்கள். முன்னால் கம்பெனியின் கேமரா, அதற்குப் பின்னால் வாடிக்கையாளர்கள் தூக்கிப் பிடித்த இருபது முப்பது போன்கள். உள்ளே டைமரக்கா தொட்டிகளுக்கு முன்னால் நின்றாள். சாப்பாடு போகிற ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"நேயர்களே!" என்று ஆரம்பித்தார் மார்க்கெட்டிங்காரர். "நம்ம தங்கச்சி என்ன கேட்டாங்க தெரியுமா? இதோ படிக்கிறேன். 'எனக்கு ஒரு வருஷம் ஓசியில சாப்பாடு வேணும்.' என்ன தைரியம் பாருங்க!"

டைமரக்காவுக்குச் சுருக்கென்றது. பயம், வாடகை, நோட்டுப் புத்தகம் எல்லாம் அப்படியேதான் இருந்தன, ஒன்றும் பறந்து போய்விடவில்லை. ஆனால் தான் சொல்லாத ஒரு வார்த்தையை ஊரெல்லாம் கேட்கும்படி தன் வாயில் போடுகிறானே என்கிற ஆத்திரம் அதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. கூடையைத் தூக்கி வடிய மாட்டினாள். எண்ணெயைக் கொதிக்கவிட்டுப் போகிறவள் இல்லை அவள். நாலு தொட்டியையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். பிறகு கையில் இடுக்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

"தப்பாப் படிக்கிறீங்க சார்."

மார்க்கெட்டிங்காரர் திரும்பினார். "யாரும்மா நீ?"

"அதை எழுதச் சொன்னவ. இந்தக் கை என் கைதான்." புள்ளிகள் தெரிய மணிக்கட்டைத் திருப்பிக் கேமராவுக்கு நேராகக் காட்டினாள். "'எனக்கு'ன்னு அதுல எங்க சார் இருக்கு? 'எங்களுக்கு'ன்னு இருக்கும். மறுபடி படிங்க."

மேனேஜர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டினார், கையைக் காட்டினார், தலையில் கை வைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. மார்க்கெட்டிங்காரர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார்.

"அது எப்படி ஒண்ணாகும்? எனக்குன்னா நான் ஒருத்தி. எங்களுக்குன்னா உள்ள பொரிக்கிறவங்க, கழுவுறவங்க, பன்னு வெட்டுறவங்க, இதோ மேசை துடைக்கிறவங்க, எல்லாரும். ஷிஃப்டுக்கு ரெண்டு துண்டு குடுத்துக்கிட்டு இருந்தீங்க. நிறுத்திட்டீங்க. நாப்பது நிமிஷம் ஆனதைக் குப்பையில கொட்டுவோம், அதைத் தின்னா திருட்டுங்கிறீங்க. அந்தச் சாப்பாட்டைத்தான் கேட்டோம். நீங்களும் 'உங்களுக்கு'ன்னு எழுதி ஒத்துக்கிட்டீங்க."

"ஐயோ, அது..." மார்க்கெட்டிங்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அது ஒரு மரியாதைக்குப் போட்டதும்மா. கஸ்டமரைப் போய் 'உனக்கு'ன்னு எழுத முடியுமா? ஒருத்தருக்குத்தான், ஆனா மரியாதையா 'உங்களுக்கு'."

"மரியாதையா?"

உள்கதவிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் எல்லோரும் அங்கே வந்து நின்றிருந்தார்கள். சோப்பு மாமாவின் முழங்கை வரைக்கும் நுரை.

"சார், நான் ஆறு வருஷமா அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். நீ வா, நீ போ, நீ பேசாம கூடையைப் பாரு. இதோ நிக்கிறாரே, அறுபது வயசு தாண்டிடுச்சு, அவருக்கும் 'நீ'தான். இப்ப நீங்க வந்தீங்க, என்னைப் பாத்து முதல்ல கேட்டதே 'யாரும்மா நீ'ன்னுதான். மரியாதைக்கு ஒரு 'உங்க' உங்க கம்பெனி வாயிலேர்ந்து எங்க பக்கம் வந்ததே கிடையாது. அதனால 'உங்களுக்கு'ன்னு நீங்க எழுதினா, ஒண்ணுக்கு மேல ஆளுன்னுதான் எங்களுக்குப் புரியும். இன்னொரு அர்த்தம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

பின்னால் நின்ற யாரோ ஒரு விசில் அடித்தார்கள், கைதட்டலும் சேர்ந்து கிளம்பிவிட்டது.

"விதி இருக்கு!" என்று மேனேஜர் கத்தினார். "ஊழியர்கள் கலந்துக்கக் கூடாது!"

"வாசல்ல தொங்குற போஸ்டர்ல அது இல்லையே சார். கேளுங்கன்னு மட்டும்தானே இருக்கு?" என்றாள் டைமரக்கா.

நாத்தனார் அதுவரைக்கும் பிடித்திருந்த அட்டை முனையை அண்ணி கையில் கொடுத்தாள். "நான் வெறும் போன்காரிங்க" என்று கேமராவிடம் சொல்லிவிட்டுப் போய் சோப்பு மாமா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மார்க்கெட்டிங்காரரின் போன் அடித்தது. எடுத்தார். "ஆமா சார்... லைவ்லதான் சார்... நிறுத்தினா இன்னும் மோசம் சார், எல்லாரும் போன்ல பிடிச்சுக்கிட்டு இருக்காங்க... எழுபதாயிரம் பேர் பாக்குறாங்க சார்... ஆமா சார்." கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. போனை வைத்துவிட்டு மறுபடி சிரிப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஊழியர்கள் எங்கள் குடும்பம் என்றார். இதுதான் ஆரம்பத்திலிருந்தே எங்கள் திட்டம் என்றார். எப்படிப் பூசி மெழுகினார் என்கிறீர்கள்! கடைசியில், எல்லாக் கடையிலும் எல்லா ஷிஃப்டுக்கும் ஒரு வருஷம் சாப்பாடு, அடுத்த மாதத்திலிருந்து என்றார்.

"இன்னிலேர்ந்து" என்றாள் டைமரக்கா. "லைவ் ஓடும்போதே சொல்லிடுங்க சார்."

அவர் சொன்னார். கேமரா அணைந்த மறுநிமிஷமே குரலைத் தாழ்த்தி, வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸுக்கு வந்து விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னார். வேலை நிலைக்குமா என்று அவருக்கே தெரியாது.

"வெள்ளிக்கிழமை வரட்டும், பாத்துக்கலாம்" என்றாள் டைமரக்கா. உள்ளே போய் நாலு தொட்டியையும் மறுபடி மூட்டி, ஆளுக்கு இரண்டு துண்டு வீதம் பொரித்தாள். அன்றைக்கு யாரும் பின்வாசலுக்குப் போகவில்லை. முன்பக்கத்தில், பலூன்களுக்குக் கீழே, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு ஏப்ரனோடு உட்கார்ந்தார்கள். சோப்பு மாமா கை துடைக்கும் காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து தின்றார். இந்த நாற்காலி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று தெரியாது என்றார்.

மேனேஜர் கல்லாவை விட்டு வந்து மேசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். சண்டை போடத்தான் வருகிறார் என்று எல்லோரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். அவர் பலூனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நோட்டீஸ் நான் எழுதல" என்றார். "ஒட்டத்தான் சொன்னாங்க. எனக்கும் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க, அன்னிலேர்ந்து எனக்கும் கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "அந்த 'எங்களுக்கு'ல... நானும் சேத்தியா?" என்றார்.

எல்லோரும் டைமரக்காவைப் பார்த்தார்கள். குளிர் அறையில் கையை நீட்டச் சொன்ன முகம்தான் இது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், நியாயமாகத்தான் இருக்கும், கேட்கவும் நன்றாக இருக்கும். இத்தனை நாளாக அவரைப் பார்த்து "சார்" தவிர வேறு எதுவும் சொல்லியறியாத அவள், பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காரு" என்றாள். "சாப்பிடு."

மேனேஜர் உட்கார்ந்தார்.